போத்தலில் அடைத்தலும் பச்சைப்பால் தேடலும்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்குச் சில கேள்வி பதில்கள்

2022இல் பால்மாவுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற சனத்துக்கு, கடையை நம்பாமல் ஒரு வீட்டை ஓட்ட முடியுமா என்ற யோசனை வந்தது புதினமில்லை. வளவில் நாலு மரம், பின்பக்கம் கோழிக்கூடு, கிணற்றடியில் கீரைப்பாத்தி என்று தொடங்கியவர்கள் கொஞ்ச நாளில் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறார்கள். மலிவான காலத்தில் வாங்கியதை எப்படி அடைத்து வைப்பது? நல்ல பாலை எங்கே தேடுவது? வெளிநாட்டுக் காணொளிகளில் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்களைக் கண்டு ஆசைப்பட்டவர்கள் கேட்பவைதான் கீழே உள்ளவற்றில் பாதி. அந்தக் காணொளிகளின் சட்டிபானையும் காலநிலையும் வேறு, எங்களுடையவை வேறு. அதை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

போத்தலில் அடைப்பது என்றால் என்ன? நாங்கள் போடும் ஊறுகாயும் அதுதானே?

இல்லை. ஊறுகாய் கெடாமல் இருப்பது உப்பாலும் புளிப்பாலும். மூடியைத் திறந்து கரண்டி போட்டு எடுத்தாலும் மிச்சம் நிற்கும். போத்தலில் அடைப்பதில் காவல் செய்வது சூடும் காற்றில்லாத வெற்றிடமும். உணவைப் போத்தலில் இட்டு, மூடி, போத்தலோடு சேர்த்து அவிக்கிறோம். உள்ளே இருக்கும் கிருமி சாகிறது, காற்று வெளியேறுகிறது, ஆறும்போது மூடி உள்ளிழுத்து இறுகுகிறது. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்பவர் இந்த முறையை 1810இல் புத்தகமாக வெளியிட்டார். படைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதற்காக வந்த வித்தை இது. கிருமி என்ற ஒன்றால்தான் உணவு கெடுகிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது.

எங்கள் ஆட்களின் வித்தை வெயில், உப்பு, புளிப்பு, சீனி என்ற நாலுக்குள் அடங்கும். வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், பாவற்காய் வத்தல், பனாட்டு, புழுக்கொடியல், தேசிக்காய் ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்த நாலின் பிள்ளைகள். பாதைகள் பூட்டிக் கிடந்த காலத்தில் குடாநாட்டுக் குசினிகளைத் தாங்கியவற்றில் இவையும் அடங்கும்.

அப்படியென்றால் போத்தல் எதற்கு?

இரண்டு காரணம். தை, மாசியில் சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளில் தக்காளி குவிந்து விலை விழும். சில மாதத்தில் அதே தக்காளியைத் தொட முடியாது. மற்றது மழை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வெயிலை நம்பி எதையும் பாயில் பரப்ப முடியாது. போத்தலுக்கு வானம் இருட்டினால் என்ன, வெளித்தால் என்ன?

ஆனாலும் என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வீடொன்றில் போத்தலில் அடைக்க வேண்டியவை புளிப்பானவை மட்டுமே. மற்றதற்கெல்லாம் வெயிலும் உப்பும் போதும்.

புளிப்பானவை மட்டும் ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

மண்ணில் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்றொரு பற்றீரியா இருக்கிறது. மரக்கறியோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். சாதாரணமாக எங்களுக்கு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் காற்று இருக்கும் இடத்தில் அது வளராது. கெட்டியான ஓடு போர்த்த வித்தியாக, அதாவது விதை போல உறங்கும் நிலையில், சும்மா கிடக்கும். அந்த வித்தி கொதிநீருக்குச் சாகாது. மணிக்கணக்காக அவித்தாலும் நம்ப முடியாது. இப்போது நீங்கள் முருங்கைக்காயையோ போஞ்சியையோ போத்தலில் இட்டு, அவித்து, காற்றை வெளியேற்றி, இறுக மூடி, குசினித் தட்டில் வைக்கிறீர்கள். காற்றில்லை, ஈரம் இருக்கிறது, புளிப்பில்லை, சூடு எங்கள் ஊர்ச் சூடு. வித்தி முளைக்க இதைவிட வசதி வேண்டுமா? முளைத்ததும் அது சுரக்கும் நஞ்சு, உணவில் உண்டாகும் நஞ்சுகளில் மிகக் கொடியது. மணமோ நிறமோ மாறாமலும் இருக்கலாம்.

அதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அது 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்தி முளைக்காது. கொதிநீரில் அவித்தால் மற்றக் கிருமிகளில் அநேகமும் பூஞ்சணமும் செத்துவிடும். மற்றது, கொதிநீரைவிடக் கூடிய சூடு. 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை போக வேண்டும். அதற்கு அழுத்தக்கலம் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழங்களில் எது புளிப்பு, எது இல்லை?

நெல்லி, தேசி, புளிமாங்காய், அன்னாசி, முந்திரிகை (கொடியில் காய்ப்பதைச் சொல்கிறேன்), விளிம்பிக்காய் எல்லாம் பயமில்லாதவை. நெல்லி ரசத்துக்கு யாழ்ப்பாணம் பேர்போனது. அந்தப் புளிப்பும் சீனியும் சேர்ந்தால் கெடுவது கடினம்.

ஏமாற்றுவது பழுத்த பழங்கள். பழம் என்றால் புளிப்பு இருக்கும் என்று நினைக்கிறோம். பப்பாசி, வாழைப்பழம், பலாச்சுளை, வத்தகைப்பழம் ஆகியவற்றின் பி.எச். 4.6க்கு மேலே போகும். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பானும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடும். மாம்பழத்தை அடைப்பதென்றால் செங்காயாக எடுங்கள், அல்லது வினாகிரி விட்டுச் சட்னியாகச் செய்யுங்கள். ஐந்து வீத வினாகிரியில் காய்ச்சிய மாங்காய்ச் சட்னியை அரை லீற்றர்ப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் 10 நிமிடம் அவித்தால் போதும். வாங்குமுன் வினாகிரிப் போத்தலின் லேபலைப் பாருங்கள். எங்கள் கடைகளில் 4 வீதமும் இருக்கும். சம்பலுக்கு அது சரி, அடைப்பதற்கு ஆகாது.

தக்காளி சரியாக வேலியில் நிற்கிற சாமான். சில 4.3, சில 4.8. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே எப்போதும் புளிப்புச் சேர்க்க வேண்டும்.

தக்காளி அடைக்கும் முறையை முழுதாகச் சொல்லுங்கள்.

வெடித்தது, அடிபட்டது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். "அழுகினதை வெட்டிப்போட்டு மிச்சத்தை எடுப்பம்" என்பது இன்றைய கறிக்குச் சரி, ஆறு மாதத்துக்கு வைக்கிற போத்தலுக்குச் சரிவராது. கழுவி, கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போட்டால் தோல் வெடிக்கும். உடனே குளிர்நீருக்குள் போட்டு உரியுங்கள். காம்படியைக் கிள்ளி எறிந்து, நாலாக வெட்டி, முதல் கைப்பிடியைச் சட்டியில் போட்டு மசித்துக் கொதிக்க விடுங்கள். சாறு விட்டதும் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முழுவதும் சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். வெங்காயமோ உள்ளியோ மிளகாயோ போடாதீர்கள். அவை புளிப்பைக் குறைக்கும். தாளிப்பதைப் போத்தலைத் திறக்கிற அன்று செய்யலாம்.

போத்தல்கள் அதற்குள் சுடுநீரில் கிடந்து சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த போத்தலுக்குள் கொதிக்கிற தக்காளியை ஊற்றினால் அடி கழன்றுவிடும். அரை லீற்றர்ப் போத்தலுக்குக் கால் தேக்கரண்டி சிற்றிக் அசிட், ஒரு லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி. இதை முதலில் போத்தலுக்குள் போட்டுவிட்டுத்தான் தக்காளியை ஊற்ற வேண்டும். பிறகு போடுவோம் என்று விட்டால் ஏதோ ஒரு போத்தலுக்கு மறந்துபோகும். மேலே அரை அங்குலம் இடம் விடுங்கள். உலோகக் கரண்டி வேண்டாம், மெல்லிய மரக்குச்சியால் ஓரத்தைச் சுற்றிக் கிண்டி உள்ளே நிற்கும் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். பிறகு வாயைச் சுத்தமான ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதை அலட்சியம் செய்வதால்தான் பாதிப் போத்தல்கள் இறுகாமல் போகின்றன. ஒரு தக்காளி விதை விளிம்பில் ஒட்டியிருந்தால் போதும்.

பெரிய பானையின் அடியில் துணி மடித்துப் போட்டு அல்லது தட்டு வைத்து, போத்தல்களை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். மூடிக்கு மேலே ஒரு அங்குலமாவது தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து நேரத்தைக் கணக்கெடுங்கள். அரை லீற்றருக்கு 35 நிமிடம், ஒரு லீற்றருக்கு 45 நிமிடம். மலைநாட்டில் இருப்பவர்கள் நேரத்தைக் கூட்ட வேண்டும்; எங்களுக்குக் கடல்மட்டம், அந்தக் கவலை இல்லை. விறகடுப்பில் செய்வதென்றால் முழு நேரத்துக்குமான விறகை முதலே பக்கத்தில் அடுக்கிவையுங்கள். இடையில் கொதி நின்றால் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எடுத்துத் துணிக்கு மேல் வைத்து, அடுத்த நாள் வரை தொடாதீர்கள். ஆறும்போது மூடி "டிக்" என்று உள்வாங்கும். மறுநாள் மூடியின் நடுவை விரலால் அமத்திப் பாருங்கள். அசையாமல் குழிந்து நின்றால் சரி. அமத்தும்போது கீழே போய்த் திரும்ப மேலே வந்தால் அந்தப் போத்தல் பிறிட்ஜுக்குப் போக வேண்டியது, இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள்.

சிற்றிக் அசிட்டுக்குப் பதில் வீட்டுத் தேசிக்காய்ப் புளி விடலாமா?

ரசத்துக்கு விடுங்கள். தேசிக்காயின் புளிப்பு மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும். கணக்குப் பிசகாத சாமான் வேண்டும் என்பதற்காகத்தான் தூள். பலசரக்குக் கடைகளில் சிறு பைக்கற்றில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. பழப்புளியும் இதே காரணத்தால் வேண்டாம்.

பழைய ஜாம் போத்தலில் அடைக்கலாமா?

ஜாம் போத்தல் எங்கள் ஊரில் படாத பாடுபட்ட சாமான். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில் அதற்குள் பஞ்சும் திரியும் வைத்து விளக்காக எரித்துப் படித்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். போத்தல் மறுபடியும் பாவிக்கலாம், விளிம்பில் சிராய்ப்போ வெடிப்போ இல்லாவிட்டால். பிரச்சினை மூடியில் இருக்கிறது. மூடியின் உள்விளிம்பில் ஒரு றப்பர் போன்ற வளையம் ஒட்டியிருக்கும். முதல் தடவை இறுகியபோதே அதில் தடம் பதிந்துவிட்டது. அதே தடத்தில் அது மறுபடி அப்படியே உட்காரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. போத்தல் வாய்க்கு அளவான புதிய மூடிகளை வாங்குங்கள். பொதியிடல் சாமான் விற்கும் கடைகளில், கொழும்பிலாவது, கிடைக்கும். பழைய மூடியை ஊறுகாய்க்கு வைத்திருங்கள்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடிக் கவிழ்த்து வைத்தாலே இறுகுகிறதே?

இறுகும். இறுகுவது வேறு, கிருமி சாவது வேறு.

வீட்டுப் பிரஷர் குக்கரில் முருங்கைக்காயையும் இறைச்சியையும் அடைக்கலாமா? அதுவும் அழுத்தம்தானே?

நல்ல கேள்வி. விசில் அடிக்கிற எங்கள் குக்கரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 இறாத்தல். கணக்குப்படி 121 பாகைக்குக் கிட்டப் போகும். அப்படியிருக்க ஏன் வேண்டாம் என்கிறேன்?

அடைப்பதற்கென்று செய்த அழுத்தக்கலம் பெரியது, கனமானது. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். பரிசோதித்துச் சொல்லப்பட்ட நேரங்களில் அந்த ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் நாலு ஒரு லீற்றர்ப் போத்தல்களாவது நிற்க வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கணக்கு. எங்கள் ஐந்து லீற்றர்க் குக்கர் சுறுக்கென்று சூடாகி சுறுக்கென்று ஆறிவிடும், போத்தலின் நடுப்பகுதிக்கு எவ்வளவு சூடு போனது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, உள்ளே காற்று அகப்பட்டு நின்றால் அழுத்தம் சரியாகக் காட்டினாலும் சூடு குறைவாகவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெரிய கலங்களில் எடை வைக்குமுன் பத்து நிமிடம் ஆவியை விட்டுக் காற்றைத் துரத்துகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது உண்மையான கலத்தைக் கொண்டுவந்து தந்தால், அதோடு வரும் கையேட்டின்படி செய்யுங்கள். அதிலும் எரிபொருளை யோசியுங்கள். இறைச்சிக்கு அரை லீற்றர்ப் போத்தலுக்கு 75 நிமிடம், மீனுக்கு 100 நிமிடம். அந்தக் காஸில் எத்தனை நாள் சமைக்கலாம்! பருத்தித்துறைக் கருவாட்டுக்கு ஒரு துளி காஸும் வேண்டாம். முருங்கைக்காயை மரத்தில் விடுங்கள், அது அங்கேயே நல்லாக இருக்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அவித்தால் போத்தல் முழுக்க வெள்ளை படிகிறது. ஏதாவது கெடுதலா?

சுண்ணாம்பு. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, கேத்திலின் அடியில் படிவதும் அதுதான். உணவுக்கு ஒன்றும் ஆகாது. அவிக்கும் பானைத் தண்ணீருக்குக் கொஞ்சம் வினாகிரி விட்டால் படியாது. போத்தலுக்கு உள்ளே போகும் பாணிக்கும் உப்புநீருக்கும் பிடித்துவைத்த மழைநீரைக் காய்ச்சிப் பாவித்தால் கலங்காமல் தெளிவாக வரும். ஊறுகாய்க்கு அயடின் சேர்க்காத உப்பு நல்லது, காய் கறுக்காது.

எங்கே வைப்பது? எவ்வளவு காலம்?

தகரக்கூரை, அஸ்பெஸ்டஸ் கூரை வீடுகளில் மேல்தட்டில் வைக்காதீர்கள். பங்குனி, சித்திரையில் அங்கே 35 பாகை தாண்டும், அந்தச் சூட்டில் கொதிக்குத் தப்பிய சில கிருமிகள் விழித்துக்கொள்ளும். கட்டிலுக்குக் கீழ், சாமியறையின் இருட்டு மூலை, நாற்சார் வீட்டின் உள்ளறை நல்லது. மேலைநாட்டுப் புத்தகங்கள் ஒரு வருடம் என்பது அவர்களின் குளிருக்கு. எங்கள் வெக்கைக்கு நான் சொல்வது அடுத்த தக்காளிக் காலம் வருமுன் முடித்துவிடுங்கள் என்பதுதான். திகதியை மூடியில் எழுதுங்கள்.

கெட்டுப்போனது எப்படித் தெரியும்?

மூடி புடைத்திருந்தால், திறக்கும்போது சீறினால், நுரைத்தால், ஓரத்தில் கசிவு காய்ந்திருந்தால் எறியுங்கள். சுவைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நாய்க்கும் கோழிக்கும் போடவும் வேண்டாம். பொட்டுலினம் நஞ்சு இந்த அடையாளம் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்பதால்தான் புளிப்பில்லாததை அடைக்க வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன். சாப்பிட்டு ஒன்றிரண்டு நாளில் பார்வை இரட்டையாகத் தெரிவது, கண்ணிமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்கக் கஷ்டப்படுவது வந்தால் காத்திருக்காமல் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள், என்ன சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

இனிப் பால். பச்சைப்பால் எங்கே தேடுவது?

பாலைத் தேடாமல் மாட்டைத் தேடுங்கள். கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, அச்சுவேலிப் பக்கம் தோட்டக்காரர் வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு பசு நிற்கிறது. தென்மராட்சியிலும் தீவகத்திலும் கூட. யார் வீட்டில் நல்ல மாடு நிற்கிறது என்று தெரிந்தவர் பிண்ணாக்குக் கடைக்காரர். யார் மாதம் எத்தனை மூட்டை தவிடு எடுக்கிறார்கள், யார் கடனில் எடுத்துக் கடைசியில் மாட்டை விற்றார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்தது விடிய வேளையில் பால் சேகரிக்கும் இடம். கானோடு சைக்கிளில் வருபவர்களிடம் கதை கொடுத்துப் பாருங்கள். சேகரிப்பு நிலையத்தில் பாலுக்குக் காசு கொழுப்பையும் மற்றத் திண்மத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதைவிடக் கொஞ்சம் கூட்டித் தந்து, மாதம் முழுக்க எடுப்பேன் என்று உறுதி சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நாள் தவறாத வாடிக்கை. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தைப்பொங்கலுக்கும் பால் தட்டுப்படும். அப்போது புதிதாகப் போய்க் கேட்டால் கிடையாது.

மாட்டுக்காரரிடம் என்ன கேட்பது? கேட்டால் கோபிக்க மாட்டாரா?

அண்ணை, அக்கா என்று முறை சொல்லி, கறக்கிற நேரத்துக்கே போய் நின்றால் பாதிக் கேள்வி கேட்கத் தேவையில்லை. கண்ணால் பாருங்கள். மடி கழுவித் துடைத்துக் கறக்கிறாரா? முதல் இரண்டு பீச்சலை வேறாக விடுகிறாரா? அதில் திரியோ கட்டியோ இரத்தமோ தெரிந்தால் மடிவீக்கம். பாத்திரம் எவர்சில்வரா, பெயின்ற் வாளியா? குறைமாதத்தில் கன்று வீசிய மாடு ஏதும் பட்டியில் உண்டா என்பதை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். மாட்டில் கன்று வீசவைக்கும் புரூசெல்லா கிருமி பால்வழியே மனிதருக்கு வந்தால் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும். அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டு இரத்தம் சோதிக்கலாம். மாட்டுக்கு ஊசி போட்டால் வைத்தியர் சொன்ன நாள்வரை அந்தப் பாலை எடுக்க வேண்டாம், காசை மட்டும் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் அடுத்த முறை ஊசி போட்டதை மறைக்க மாட்டார்.

காய்ச்சாமல் குடிக்கலாமா? இணையத்தில் பச்சைப்பால்தான் மருந்து என்கிறார்கள்.

வேண்டாம். எங்கள் அம்மம்மாமாரில் யாரும் பாலைப் பச்சையாகக் குடிக்கச் சொன்னதில்லை. இந்த மோகம் வெளியிலிருந்து வந்தது. காசநோய், புரூசெல்லா, சல்மொனெல்லா, ஈ-கோலை எல்லாம் நல்ல தோற்றமுள்ள மாட்டின் பாலிலும் இருக்கலாம். ஆலையில் பாலை 72 பாகையில் 15 செக்கன் அல்லது 63 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்குகிறார்கள். வீட்டில் வெப்பமானி தேவையில்லை. கிண்டிக்கொண்டே காய்ச்சி, பொங்கி எழுந்ததும் தீயைக் குறைத்து, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கிண்டாமல் விட்டால் நுரை எழும்பும்போதும் பால் முழுவதும் ஒரே சூட்டில் இருக்காது. பிறகு பானையைக் குளிர்நீர்த் தாச்சிக்குள் வைத்து ஆற்றி, பிறிட்ஜில் வையுங்கள். எங்கள் வெக்கையில் கறந்த பால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அடுப்பைக் காண வேண்டும்.

காய்ச்சினால் சத்துப் போகாதா?

உயிர்ச்சத்து சி கொஞ்சமும் பி வகையில் சிலவும் குறையும். பாலை யாரும் உயிர்ச்சத்து சிக்காகக் குடிப்பதில்லை, அதற்கு நெல்லிக்காய் இருக்கிறது. புரதமும் கல்சியமும் அப்படியே நிற்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பச்சைப்பாலும் ஒத்துக்கொள்ளாது, இரண்டிலும் இருப்பது அதே பால்வெல்லம். அவர்கள் தயிரை முயன்று பார்க்கலாம்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பாலின் அடர்த்தி 1.028 முதல் 1.032 வரை. அதை அளக்கும் லக்ரோமீற்றரை மிதக்கவிட்டால் தண்ணீர் கலந்த பாலில் அது ஆழ இறங்கும். ஆனால் ஆடையை எடுத்த பால் அடர்த்தி கூடியது; ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் விட்டால் கருவி சரி என்று காட்டும். ஆகவே கருவியை மட்டும் நம்பாதீர்கள். தயிர் உறையவைத்துப் பாருங்கள், மேலே ஆடை எவ்வளவு தடிப்பு, கீழே எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதை. அதே மாட்டின் பால் மழைக்காலத்துப் பச்சைப் புல்லில் ஒரு மாதிரியும் வைக்கல் காலத்தில் வேறு மாதிரியும் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, ஒரு நாளை வைத்து ஆளைக் குற்றம் சொல்லாமல் இருங்கள்.

ஆட்டுப்பால்?

கிடைத்தால் நல்லது, அதே காய்ச்சும் முறைதான். புரூசெல்லா ஆட்டிலும் உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலோ பசுப்பாலோ கொடுக்க வேண்டாம்.

பேசாமல் ஒரு பசுவே வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம், பால் ஆசையை விடத் தீனிக் கணக்கு முதலில் வர வேண்டும். 350 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30, 35 கிலோ பச்சைத் தீனி வேண்டும். நாலு பரப்பு வளவில் வீடும் கிணறும் போக மிஞ்சும் நிலத்தில் கோ-3 புல் நட்டாலும் அது தனியே காணாது. வேலிச் சீமைக்கிளுவை, பூவரசங்குழை, கிழித்த பனையோலை, வன்னியிலிருந்து வரும் வைக்கல் எல்லாம் சேர வேண்டும். ஊர்ப் பசு ஒன்றிரண்டு லீற்றர்தான் தரும். ஜேர்சிக் கலப்பு கூடத் தரும், கூடத் தின்னும், வெக்கையில் இளைக்கும். கன்று போட்டுப் பத்து மாதம் கறந்தால், அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் வற்றவிட வேண்டும்; அந்த இரண்டு மாதமும் நீங்கள் மறுபடி பால் தேடி நடப்பீர்கள். கலியாணவீடு, செத்தவீடு என்று ஒரு இரவு வெளியே நிற்கவும் முடியாது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு ஜமுனாபாரி ஆடுகள் வசதி. ஐந்து மாதச் சினை, வேலிக் குழையே தீனி, ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

மிஞ்சும் பாலைப் போத்தலில் அடைக்க முடியாதா?

முடியாது. பாலின் பி.எச். 6.6க்குக் கிட்ட, புளிப்பே இல்லை. வீட்டில் பாலை அடைக்கச் சோதித்து உறுதிசெய்த முறை எதுவும் கிடையாது. வெண்ணெயை உருக்கிப் போத்தலில் ஊற்றி மூடுவதாகக் காட்டும் காணொளிகளையும் நம்ப வேண்டாம். வெண்ணெயில் தண்ணீரும் பால்கூறும் நிற்கும். கடை ரின்பால் கெடாமல் இருப்பது அதிலுள்ள சீனியின் அளவால்.

பாலை நெடுநாள் வைப்பதற்கு எங்களிடம் ஏற்கெனவே வழி இருக்கிறது, நெய். காய்ச்சிய பாலைத் தயிராக்கி, மத்தால் கடைந்து, வெண்ணெயைக் குளிர்நீரில் கழுவி, அடிதடித்த சட்டியில் உருக்குங்கள். படபடவென்ற சத்தம் அடங்குவது தண்ணீர் போய்விட்டதற்கு அடையாளம். அடியில் கசடு பொன்னிறமானதும் இறக்கி, துளி ஈரமில்லாத போத்தலில் வடித்துவிடுங்கள். ஒரு முருங்கை இலைக் கொத்தை அதற்குள் பொரித்தெடுத்தால் மணமாக இருக்கும். ஈரக்கரண்டி போடாதவரை மாதக்கணக்கில் நிற்கும். ஒரு கிலோ நெய்க்கு 25 முதல் 30 லீற்றர்ப் பசுப்பால் போகும் என்பதால் இது மிச்சப் பாலுக்கான வேலை, பாலை விலைக்கு வாங்கிச் செய்தால் கட்டாது. கடைந்த மோரை வீசாதீர்கள். உப்பும் மிளகாயும் அதற்காகக் காத்திருக்கின்றன, வெயில் இருந்தால் நாலைந்து நாளில் மோர்மிளகாய்.

இந்த நெய்யை லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமா?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சி சேர்ந்த உணவைப் பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, நெய்யும் அதில் அகப்படும். பிரித்தானியாவுக்கும் போகும் நாளுக்கு முன் சுங்க விதியைப் பார்க்கச் சொல்லுங்கள். வேப்பம்பூ வடகம், ஒடியல்மா, பனங்கட்டி என்று பால் சேராதவற்றைப் பொதி செய்யுங்கள். தக்காளிப் போத்தலைக் கொடுத்துவிட வேண்டாம், உடைந்தால் பெட்டியில் இருக்கும் சேலையெல்லாம் போச்சு.